ஆறு பேர்ச்சில் கிணறு எங்கே தோண்டுவது?

ஓமந்தையில் காணி துண்டாகிறது. எந்த விதியின் கீழ் வீடு கட்டுவது என்ற கேள்விக்கு விற்பவர்கள் பதில் சொல்வதற்கு முன் ஊர் பதில் சொல்ல வேண்டும்.

ஓமந்தை என்றதும் ஒரு தலைமுறைக்கு நினைவில் வருவது வரிசைதான். 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தத்தை அடுத்து ஏ-9 வீதி திறந்தபோது, பொதிகளை இறக்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, வெயிலில் நின்ற வரிசை. 2006 ஓகஸ்டில் பாதை மூடியபோது திரும்பிப் போன வரிசை. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனத்தின் வரிசை. அந்த வரிசைகள் நின்ற சோதனைச் சாவடி 2015 ஓகஸ்டில்தான் முற்றாக அகன்றது.

இன்று அதே வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்துபவர்கள் கேட்பது வேறு கேள்வி: பேர்ச் என்ன விலை?

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வவுனியா நகரிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம். 2011இல் ரயில் ஓமந்தைவரை வந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம்வரை போய்ச் சேர்ந்தது. பம்பைமடுவில் இருந்த வளாகம் 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. நகருக்குள் காணி விலை சாதாரண உத்தியோகத்தரின் கைக்கு எட்டாது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் ஓரிடத்தில் காலூன்ற நினைக்கும் குடும்பங்கள், கனடாவிலும் சுவிஸிலும் இருந்து ஊரில் ஒரு துண்டாவது இருக்கட்டும் என்று பணம் அனுப்பும் உறவுகள், பெற்றோரின் வளவில் இடம் போதாமல் தனிக்குடித்தனம் தேடும் இளம் சோடிகள் எல்லோருடைய பார்வையும் வீதி வழியே வடக்கு நோக்கி நகர்கிறது. போரில் இத்தனை தடவை காலியான ஊருக்கு மக்கள் வருவது நல்ல செய்தி. 1997இல் ஜயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பகுதி முன்னரங்காகவே கிடந்தது. வீடுகள் இடிந்து, வயல்கள் பற்றையேறி, குளக்கட்டுகள் உடைந்து கிடந்த மண்ணில் புதிய அத்திவாரம் எழுவதை யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் அந்த அத்திவாரம் எந்த விதியின் கீழ் எழுகிறது? நாட்டில் இன்று வீடு கட்டும் ஒருவருக்கு ஒரு சட்டமல்ல, அடுக்கடுக்காகப் பல சட்டங்கள். அடியில் இருப்பது 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்து அந்தச் சட்டத்தின் கீழ்தான் கிராமப்புறப் பிரதேச சபைகள் நெடுங்காலமாகக் கட்டிட அனுமதி கொடுத்து வந்திருக்கின்றன. அதன்மேல் 1946இன் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் கட்டளைச் சட்டம். அதற்குமேல் 1978இன் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். ஒரு பிரதேசத்தை நகர அபிவிருத்திப் பகுதி என்று அமைச்சர் வர்த்தமானியில் பிரகடனம் செய்துவிட்டால், அந்த நாளிலிருந்து அங்கே இந்தக் கடைசிச் சட்டத்தின் ஒழுங்குவிதிகள் வந்து உட்காரும். அனுமதி கொடுப்பது அதே பிரதேச சபையாகவே இருக்கலாம். ஆனால் அது அதிகார சபை கையளித்த அதிகாரத்தின் கீழ், அதிகார சபையின் அளவுகோலால் அளக்கும்.

அந்த அளவுகோலும் மாறிவிட்டது. 1986 மார்ச்சில் வந்த திட்டமிடல், கட்டிட ஒழுங்குவிதிகள் முப்பத்தைந்து ஆண்டுகள் நாட்டை ஆண்டன. 2021 ஜூலை 8ஆம் திகதி, 2235/54 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் புதிய திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. வீதி எத்தனை அகலம், காணி எவ்வளவு விசாலம் என்று பார்த்து எத்தனை சதுர அடி கட்டலாம் என்று கணக்குப் போடும் விதிகள் அவை. மாடி உயரும் கொழும்புக்கும் கண்டிக்கும் காலிக்கும் அவை தேவை. ஓமந்தைக்கு அவற்றில் எது தேவை, எது பொருந்தாது என்று பிரித்துப் பார்க்கத்தான் யாரும் உட்காரவில்லை.

முந்திய விதிகளில் ஓமந்தையின் தலையெழுத்தை மாற்றக்கூடிய எண் ஒன்று இருக்கிறது. 150 சதுர மீற்றர். 1986இன் விதிகள் வீட்டுக் காணித் துண்டு ஒன்றுக்குக் குறித்த மிகக் குறைந்த அளவு அது. நம் கணக்கில் ஆறு பேர்ச். காணி வியாபாரத்தில் இந்த ஆறு இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. ஆறு பேர்ச் சட்டப்படி சரி என்றால் ஓர் ஏக்கரை, பாதைக்கு விட்டது போக, இருபதுக்கு மேற்பட்ட துண்டாக்கலாம் என்பது விற்பவரின் கணக்கு.

இதை ஓமந்தை மண்ணில் வைத்துப் பார்ப்போம்.

ஆறு பேர்ச் என்பது சுமார் 1,630 சதுர அடி. முகப்பு முப்பது அடி என்றால் ஆழம் ஐம்பத்து நான்கு அடி. இந்தத் துண்டில் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு மலசலகூடக் குழி. குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் கிணறு இல்லாமல் முடியாது. கழிவுநீர்க் குழாய் இல்லாத இடத்தில் குழி இல்லாமல் முடியாது. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பது அடியாவது இருக்க வேண்டும் என்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கிணற்றை முன்வேலியோடும் குழியைப் பின்வேலியோடும் ஒட்டித் தோண்டினாலும் இரண்டின் அகலத்தையும் கழித்தால் அந்த ஐம்பது அடி கிடைக்காது. கிடைத்ததாகவே வைத்துக்கொண்டாலும் பக்கத்துத் துண்டுக்காரரின் குழி எங்கே என்பது உங்கள் கையில் இல்லை. அவர் முன்பக்கத்தில் தோண்டியிருந்தால் உங்கள் கிணற்றுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மதில் மட்டும்தான்.

கிணற்றை மையமாக வைத்து ஐம்பது அடி ஆரையில் ஒரு வட்டம் கீறிப் பாருங்கள். 7,850 சதுர அடி; ஏறக்குறைய இருபத்தொன்பது பேர்ச். ஒரு கிணறு தன்னைச் சுற்றிக் கேட்கும் சுத்தமான நிலம் அவ்வளவு. அதோடு வீட்டையும் குழியையும் நாலு தென்னையையும் சேர்த்தால் நாற்பது பேர்ச் வரும். அதாவது கால் ஏக்கர். எங்கள் பெரியவர்கள் கால் ஏக்கருக்குக் குறைந்ததை வளவு என்று மதிக்காததற்கும், மீள்குடியேற்றத்தில் பல இடங்களில் காணியற்ற குடும்பங்களுக்குக் கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்ததற்கும் பின்னால் ஆடம்பரம் எதுவும் இல்லை. தண்ணீர்க் கணக்குத்தான் இருந்தது.

பத்துப் பேர்ச்சில் முடியாதா என்று கேட்பார்கள். முடியும், ஒரு நிபந்தனையில். துண்டுகள் எல்லாம் நீளவாக்கில் இருக்க வேண்டும். வரிசை முழுவதும் கிணறு முன்னால், குழி பின்னால் என்று ஒரே ஒழுங்கில் அமைய வேண்டும். பின்வரிசைக்காரரும் தங்கள் குழிகளை அதே பின்வேலியை நோக்கி வைக்க வேண்டும். அதை நில அளவைப் படத்திலேயே குறித்து, அனுமதியின் நிபந்தனையாக எழுதி, கட்டும்போது ஓர் அதிகாரி வந்து பார்க்க வேண்டும். ஆளாளுக்கு வாங்கி, ஆளாளுக்கு ஒரு மேசனைப் பிடித்துக் கட்டும் வழக்கத்தில் இது தானாக நடக்காது.

வன்னியின் நிலத்தடி இதை இன்னும் கடுமையாக்குகிறது. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல்லில் தண்ணீர் ஒரு பெரிய வில்லையாக நிற்கிறது. அங்கேயே நெருக்கமான குழிகளாலும் உரத்தாலும் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிய கதையை ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. ஓமந்தையில் அந்த வில்லைகூட இல்லை. அடியில் கருங்கல். அதன்மேல் உக்கிய கல்லும் மண்ணுமாக ஒரு மெல்லிய படை. கிணற்றுத் தண்ணீர் அந்தப் படையிலும் பாறையின் வெடிப்புகளிலும்தான் நிற்கும். வெடிப்பு வழியே போகும் அழுக்கு மண்ணில் வடிபடாது. அந்தப் படைக்குத் தண்ணீர் ஊட்டுவது பெரும்பாலும் பக்கத்துக் குளம். குளம் வற்றினால் இரண்டு மூன்று கிழமையில் கிணறு இறங்குவது இந்தப் பகுதியில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

அதனால் வீட்டுக் காணிக் கதை கடைசியில் குளத்தில் வந்து நிற்கிறது. ஓமந்தையைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களை வாசித்துப் பாருங்கள்: பன்றிக்கெய்தகுளம், விளக்குவைத்தகுளம், நொச்சிமோட்டை, பனிக்கநீராவி. ஒவ்வொன்றும் ஒரு நீர்நிலை. ஒன்றின் வான் பாய்ந்த தண்ணீர் அடுத்ததன் நீரேந்து பகுதியில் சேரும். இப்படித் தொடர்குளங்களாக அமைந்த முறையை மண்ணியல் அறிஞர் சி.ஆர். பானபொக்கே போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மேலே காடு, அதன் கீழே அலைகரை, குளம், கட்டு, துருசு, வாய்க்கால், வயல். வீடுகள் கட்டுக்குப் பக்கத்து மேட்டில். இந்த அடுக்கில் எந்த இடத்தில் வீடு கட்டக்கூடாது என்பதை வர்த்தமானி எதுவும் இல்லாமலே ஊர் அறிந்திருந்தது. அலைகரையில் குடில் போட்டவனைக் கமக்காரர் கூட்டத்தில் எழுப்பிக் கேட்பார்கள். இதைத்தான் நான் பழைய விதிகளில் முதலாவது என்பேன், அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் முழுதாக ஏறாவிட்டாலும்.

சட்டத்தில் ஏறிய பகுதியும் உண்டு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் வயற்காணியை நிரப்புவது குற்றம். எந்தக் காணி வயல், யார் உரிமையாளர், யார் செய்கை பண்ணுகிறார் என்பதற்குக் கமநல சேவை நிலையத்தில் நெற்காணிப் பதிவேடு இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? வீதியோர வயல் இரண்டு போகம் விதைக்கப்படாமல் கிடக்கும். பிறகு ஒரு நாள் டிப்பரில் கிரவல் வரும். பெக்கோ வந்து பரவும். அடுத்த மாரிக்குள் அது பார்வைக்கு மேட்டுக்காணியாகிவிடும். பிறகு நில அளவைப் படம், பிறகு துண்டு, பிறகு உறுதி. வாங்குபவருக்கு அது வயலாக இருந்ததே தெரியாது. டிசெம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வரும்போதுதான் தெரியவரும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே இரவில் வெள்ளத்தில் நின்றதை நாம் பார்த்தோம். வவுனியா நகரின் நடுவில் உள்ள குளத்தின் பகுதியே மண் போட்டு நிரப்பப்பட்டு, மக்கள் வீதியில் இறங்கிப் போராடியதையும் பார்த்தோம்.

புதிய விதிகளை நான் எதிர்க்கவில்லை. அவை கொண்டுவரும் நல்லது பெரியது. நில அளவைப் படம் இல்லாமல், வீதிக் கோட்டுச் சான்றிதழ் இல்லாமல், வடிகால் எங்கே போகிறது என்று காட்டாமல் ஒரு துண்டும் விற்கக்கூடாது என்ற ஒழுக்கம் கிராமத்துக்கு மிகவும் வேண்டும். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைப் பிரித்தால் பாதை நீங்கலாகப் பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கு விட வேண்டும் என்ற விதி 1986லேயே வந்தது. பிள்ளைகள் விளையாட ஒரு துண்டு, முன்பள்ளிக்கு ஒரு துண்டு, மழைத் தண்ணீர் நிற்க ஒரு துண்டு என்று அதில் எவ்வளவோ செய்யலாம். ஆனால் காணியை இரண்டு மூன்று பேரின் பெயரில் ஒரு ஹெக்டேயருக்குக் குறைந்த பகுதிகளாக்கி, இன்று ஒன்று, அடுத்த வருடம் ஒன்று என்று படம் கீறினால் அந்தப் பத்து வீதம் ஒருபோதும் கணக்கில் வராது. இதைப் பிடிக்க வேண்டிய இடம் பிரதேச சபையின் திட்டமிடல் குழு. 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல்வரை உள்ளூராட்சி சபைகள் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்களின் கையில் இருந்தன. காணி வேகமாகக் கைமாறிய காலத்தில் ஊரின் சார்பில் கேள்வி கேட்க ஆள் இருக்கவில்லை.

இன்னொரு பக்கம், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். வன்னியில் பெருந்தொகைக் குடும்பங்கள் இருப்பது உறுதிக் காணியில் அல்ல, இந்தச் சட்டத்தின் அனுமதிப்பத்திரக் காணியில். குறித்த அளவுக்குக் கீழே பிரிக்கக்கூடாது, பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்றக்கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். காணி துண்டாகிச் சிதறாமல் காத்ததும் இதே விதிதான். மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் உரிமை கொடுத்து மற்ற இருவரைத் தெருவில் விட்டதும் இதே விதிதான். பின்னுரித்தாளர் நியமிக்கப்படாவிட்டால் மூத்த ஆண்பிள்ளைக்கே காணி போகும் என்றிருந்த வரிசை 2022இன் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோடுதான் மாறியது. அதுவரை எத்தனை மகள்மார் தாங்கள் விளக்குமாறு பிடித்துப் பெருக்கிய வளவில் உரிமை இல்லாமல் இருந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் கசக்கிறது. ஆகவே பழையது என்பதற்காகவே எதையும் கும்பிட வேண்டியதில்லை.

அந்த மகள் இன்று தாயின் அரை ஏக்கரில் பின்வளவில் ஒரு சிறு வீடு கட்டப் போனால், சபை காணிப் பத்திரம் கேட்கும். பத்திரம் தாயின் பெயரில். பிரதேச செயலகம் பிரிக்க முடியாது என்னும். அவள் அனுமதி இல்லாமலே கட்டுவாள். சட்டம் அவளைச் சட்டவிரோதக் கட்டிடக்காரி ஆக்கும். அதே நேரம், வீதியோரத்து உறுதிக் காணியில் நாற்பது துண்டு கீறியவருக்கு எல்லா முத்திரையும் கிடைத்துவிடும். விதி மாற்றம் என்று யாராவது பேசினால் இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தி வைத்துப் பேச வேண்டும்.

விதி மாறும் நேரத்தில் நடுவில் அகப்பட்டவர்களுக்கு என்ன நியாயம்? பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இதற்கு அடிப்படை தருகிறது: ஒரு சட்டம் நீக்கப்பட்டாலும் அதன்கீழ் ஏற்கெனவே பெற்ற உரிமை கெடாது. முறையாக அனுமதி பெற்று அத்திவாரம் போட்டவரைப் புதிய விதி வந்து எழுப்ப முடியாது. ஆனால் விண்ணப்பம் மட்டும் கொடுத்து வைத்திருப்பது பெற்ற உரிமை ஆகாது. அது ஓர் எதிர்பார்ப்பு மட்டுமே. வேறு நாடுகளில் இடைமாற்றக் காலத்தில் பழையதா புதியதா என்று விண்ணப்பதாரரையே தெரிவு செய்ய விடும் வழக்கம் உண்டு. தனக்கென்று ஒரு வீடு கட்டும் குடும்பத்துக்கு அந்தச் சலுகை கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். துண்டு போட்டு விற்பவருக்கு அதைக் கொடுத்தால் அவர் ஒவ்வொரு முறையும் சிறிய அளவைத்தான் தெரிவு செய்வார். கிணறு கெட்ட பிறகு அவர் அங்கே இருக்கப் போவதில்லை.

விற்று முடிந்த பிறகு சரிசெய்யலாம் என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டைப் பார்க்கட்டும். விளைநிலங்கள் அங்கீகாரம் இல்லாத மனைகளாக வெட்டி விற்கப்பட்டுக் கொண்டிருந்த நிலையில், 2016 செப்ரெம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்தியது. மாநிலம் முழுவதும் இலட்சக்கணக்கானோர் கையில் பணம் கொடுத்து வாங்கிய, ஆனால் விற்கவோ கட்டவோ முடியாத மனைகளோடு நின்றார்கள். 2017இல் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்து கட்டணம் வாங்கி ஏற்றுக்கொண்டது. 2019இல் முழு மாநிலத்துக்கும் ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் வந்தன. ஆனால் வயல் வயலாகத் திரும்பவில்லை. ஏரியின் நீர்வரத்துக் கால்வாயில் எழுந்த வீடு அங்கேயேதான் நிற்கிறது. சட்டம் தோற்றுப் பின்னால் ஓடிய கதை அது. ஓமந்தை இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்பதுதான் நமக்குள்ள ஒரே அனுகூலம்.

2016இல் வடக்கின் பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் அமைப்பதா, தாண்டிக்குளத்து விவசாயப் பண்ணைக் காணியில் அமைப்பதா என்று மாகாண சபையும் அமைச்சர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் அது மதகுவைத்தகுளத்துக்குப் போனது. கட்டி முடித்த பிறகும் நெடுநாள் பூட்டிக் கிடந்தது. ஒரு சந்தைக் கட்டிடத்துக்கு அவ்வளவு விவாதம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எங்கே, எத்தனை பேர்ச்சில், எந்தத் தண்ணீரைக் குடித்து வாழப் போகின்றன என்பதற்கு அதில் நூறில் ஒரு பங்கு விவாதம்கூட நடக்கவில்லை.

என் தீர்ப்பு இதுதான். பாதை, வடிகால், நில அளவை, பொது ஒதுக்கீடு, அனுமதி நடைமுறை ஆகியவற்றுக்குப் புதிய விதிகளை முழுமையாக எடுப்போம். துண்டின் அளவுக்குப் பழைய கணக்கு: குழாய்த் தண்ணீர் வந்து சேரும்வரை, கிணற்றை நம்பிய எந்தப் புதிய பிரிப்பிலும் கால் ஏக்கர், அதற்குக் குறைவாக விற்க வேண்டுமென்றால் விற்பவரே பொதுக் கிணறும் தாங்கியும் குழாயும் போட்டுக் கொடுத்து, கிணறும் குழியும் எங்கே என்று படத்தில் குறிக்க வேண்டும். பேராற்றை மறித்து வவுனியா நகருக்குத் தண்ணீர் கொண்டுவர முடிந்த நாட்டில், அந்தக் குழாய் வடக்கே எப்போது நீளும் என்று ஒரு திகதி கேட்பது அதிகமல்ல. அனுமதிப்பத்திரக் காணியில் சொந்தப் பிள்ளைகளுக்கு இரண்டாவது வீடு கட்டப் பிரதேச செயலகமும் சபையும் ஒரே மேசையில் அனுமதி கொடுக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டை வைத்து ஒவ்வொரு குளத்தின் அலைகரையும் நீரேந்து பகுதியும் வயலும் வரைபடத்தில் கீறப்பட வேண்டும். வீட்டு வலயம் மிஞ்சிய இடத்தில் வரட்டும்.

இதற்குக் கொழும்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வவுனியா தெற்குத் தமிழ்ப் பிரதேச சபையில் இப்போது தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஓமந்தைப் பக்கத்து வாக்காளர்கள் அவர்களிடம் கேட்க வேண்டியது எளிய கேள்வி: எங்கள் கிராம அலுவலர் பிரிவு நகர அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனம் செய்யப்பட்டுள்ளதா, ஆம் என்றால் அந்த வர்த்தமானி வரைபடத்தைச் சபை அறிவிப்புப் பலகையில் ஏன் ஒட்டவில்லை? காணி வாங்க வருபவர்கள் விலை பேசுவதற்கு முன் கமநல சேவை நிலையத்துக்குப் போய் அந்தக் காணி நெற்காணிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கமக்காரர் அமைப்பின் பெரியவர் ஒருவரிடம் மாரியில் தண்ணீர் எதுவரை வரும் என்று கேளுங்கள். பக்கத்துத் துண்டுகளின் குழி எங்கே வரப்போகிறது என்று படத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் காணி வாங்காதீர்கள்.